குற்றவாளியென்று தீர்க்காதிருங்கள்: தன்பாலீர்ப்பு பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுநாள் பாடசாலையிலும் வாலிபர் கூட்டத்திலுமாக இருபத்தாறு வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். முகாம் நடக்கும்போதெல்லாம் ஒரு காலி பிஸ்கட் டின்னை மேசைமேல் வைப்போம். பெயர் எழுதாமல் சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் போடலாம். முன்பெல்லாம் "சினிமா பார்க்கலாமா?", "வேறு சபையில் பெண் எடுக்கலாமா?" என்றுதான் வரும். 2018-க்குப் பிறகு வேறொரு கேள்வி வரத் தொடங்கியது: தன்பாலீர்ப்பு, அதாவது ஆணுக்கு ஆண்மேலும் பெண்ணுக்குப் பெண்மேலும் வரும் ஈர்ப்பு, பாவமா? இப்போது முகாம் தவறாமல் வருகிறது, பெற்றோர் போனிலும் கேட்கிறார்கள்.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்.

டீச்சர், "நியாயந்தீர்க்காதீங்க"ன்னு இயேசுவே சொல்லிட்டார்ல? அப்புறம் எது சரி எது தப்புன்னு பேசவே கூடாதா?

முதலில் வசனத்தை முழுசாகப் படியுங்கள். மத்தேயு 7:1 நம் வேதாகமத்தில் இப்படி இருக்கிறது: "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." கிரேக்கத்தில் இருக்கும் சொல் 'கிரினோ'. பகுத்தறிவது, முடிவெடுப்பது, தண்டனை சொல்வது என்று மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அதில் கடைசிப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் எடுத்தார்கள் என்பது என் எண்ணம். அதே அதிகாரம் ஐந்தாம் வசனத்தில், உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்துப்போட்ட பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்று வருகிறது. அப்படியானால் துரும்பைப் பற்றிப் பேசவே கூடாது என்றில்லை. எது முதலில் என்ற வரிசைதான் விஷயம்.

யோவான் 7:24-ல் "தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்" என்றும் அவரே சொல்கிறார். ஆகவே ஒரு செயல் சரியா தப்பா என்று யோசிக்கத் தடை கிடையாது. ஒரு ஆளைக் காட்டி "இவன் கதை முடிந்தது" என்று சொல்லத்தான் தடை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

பைபிள்ல இதைப் பத்தி எத்தனை இடத்துல இருக்கு?

வழக்கமாக எடுத்துக்காட்டுபவை ஏழு: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10, யூதா 7. நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு இதைப் பற்றி நேராக எதுவும் சொன்னதாக இல்லை. மத்தேயு 19-ல் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது "ஆணும் பெண்ணுமாக" என்ற ஆதியாகம வசனத்தை எடுத்துச் சொல்கிறார். மரபான போதனையின் அஸ்திவாரம் அந்த ஏழு வசனங்களைவிட இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

சோதோம் அழிஞ்சதே இதுக்காகத்தானே?

பலர் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஆதியாகமம் 19-ல் கதையைப் படித்துப் பாருங்கள். ஊர் ஆண்கள் திரண்டு வந்து, லோத்தின் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வெளியே இழுத்துக் கூட்டமாகப் பலவந்தம் செய்யப் பார்க்கிறார்கள். அது வன்கொடுமை. அந்தச் செயலை வைத்து இரண்டு பேர் மனமொத்து வாழ்வதைப் பற்றி எதுவும் முடிவு கட்ட முடியாது. நியாயாதிபதிகள் 19-ல் கிபியா ஊரிலும் இதே மாதிரி ஒரு கூட்டம் கதவைத் தட்டுகிறது. அங்கே இரையானது ஒரு பெண்.

எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமம் இன்னது என்று பெயர் சொல்லியே பட்டியல் போடுகிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி, கவலையற்ற சுகவாழ்வு, அதோடு "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை" என்ற குற்றச்சாட்டு. அடுத்த வசனத்தில் "அருவருப்பானதை" என்று வருவதும், யூதா 7-ல் "அந்நிய மாம்சத்தை" என்று வருவதும் உண்மை. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் முழுக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரியை மட்டும் கிழித்தெடுத்து மற்றதை மறந்துவிட்டோம்.

இதில் எனக்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்பு இந்தப் பாடம் நடத்தும்போது, வகுப்பைச் சிரிக்க வைக்க ஒரு மட்டமான ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. காரணம் தெரியவந்தபோது அவன் காலேஜ் முடித்திருந்தான்.

லேவியராகமத்துல நண்டு, இறாலும் அருவருப்புதானே? அதை மட்டும் சாப்பிடுறோம்?

தூத்துக்குடிப் பக்கம் இந்தக் கேள்விக்குக் கைதட்டல் நிச்சயம். ஆனால் பாதி வாதம்தான் இது. செதிளும் செட்டையும் இல்லாதது அருவருப்பு என்று 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. 18-ஆம் அதிகாரத்தில் தகாத உறவுமுறைகளும் பிள்ளைப் பலியும் வருகின்றன. அவையும் நண்டோடு போய்விட்டனவா? எந்தக் கட்டளை இஸ்ரவேலின் சடங்கோடு முடிந்தது, எது நிற்கிறது என்று சபை ஆரம்பத்திலிருந்தே பிரித்துப் பார்த்து வந்திருக்கிறது. தன்பாலீர்ப்பு பற்றிய வசனம் எந்தப் பக்கம் விழும் என்பதுதான் சர்ச்சை. 20:13 மரண தண்டனை சொல்கிறது. விபசாரத்துக்கும் 20:10-ல் அதே தண்டனைதான். யோவான் 8-ல் ஒருத்தி விபசாரத்தில் பிடிபட்டு வந்தபோது, பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொல்ல, அந்தத் தண்டனை என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

ஆனா 1 கொரிந்தியர் 6:9 நேராவே சொல்லுதே, அதுக்கு என்ன சொல்வீங்க?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. தமிழ் வாத்தியார் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் என்று அப்போஸ்தலன் பவுல் தரும் அந்தப் பட்டியலில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'மலாக்கோய்'. அதன் நேர்ப்பொருள் 'மெல்லியவர்'. யோவான்ஸ்நானனைப் பற்றி இயேசு கேட்கும்போது "மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ?" என்று மத்தேயு 11:8-ல் வருகிறதே, அங்கே இருப்பதும் இதே சொல்தான். ஆட்களைக் குறிக்கும்போது சுகபோகி, பெண்தன்மை உள்ளவன், உடலை விற்கும் பையன் என்று பல பொருள் சொல்கிறார்கள். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சுயபுணர்ச்சி என்று எடுத்தார்கள். இப்போது ஆங்கிலத்தில் வரும் மொழிபெயர்ப்புகளில் அந்தப் பொருளைக் காண்பது அரிது. நம் தாத்தா பாட்டி காலம் முழுக்க இளைஞர்கள் இந்த வசனத்தை வாசித்து வேறு ஏதோ ஒன்றுக்காக நடுங்கியிருக்கிறார்கள்!

இரண்டாவது சொல் 'அர்செனோகொய்த்தாய்'. ஆண், படுக்கை என்ற இரண்டு சொல்லை ஒட்டவைத்தது. பவுலுக்கு முந்திய கிரேக்க எழுத்தில் இது கிடைப்பதில்லை. லேவியராகமம் 20:13-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வருவதால் பவுல் அங்கிருந்துதான் கோத்திருப்பார் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், இது பாவமே என்கிற மரபு வாசிப்புக்குப் பலம்தான். மறுபக்கத்தார், ரோமப் பேரரசில் எஜமான்கள் அடிமைப் பையன்களைப் பயன்படுத்திய கொடுமையைத்தான் பவுல் சொல்கிறார் என்கிறார்கள். 1 தீமோத்தேயு 1:10-ல் இந்தச் சொல்லை ஒட்டியே "மனுஷரைத் திருடுகிறவர்கள்" வருவதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல் 1869-ல்தான் ஜெர்மன் மொழியில் அச்சேறியது. ஆங்கில வேதாகமம் ஒன்றில் அது நுழைந்தது 1946-ல். அதே மொழிபெயர்ப்பின் 1971 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

சரி, சொல்லாராய்ச்சியை விடுங்கள். அதே வசனத் தொடரில் பொருளாசைக்காரரும் உதாசினரும் இருக்கிறார்கள். உதாசினர் என்றால் வாய்க்கு வந்தபடி மற்றவரை இழிவாகப் பேசுகிறவர்கள். பேரம் பேசி நூறு பவுன் வாங்குகிற மாப்பிள்ளைக்கு எந்தச் சேகரத்தில் (சபைப் பகுதியில்) கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்காமல் நிறுத்தினார்கள்? எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை.

ரோமர் 1-ல "சுபாவத்துக்கு விரோதம்"னு இருக்கே?

இருக்கிறது. பெண்களைப் பற்றியும் பேசுவதாக எடுத்துக்காட்டப்படும் ஒரே இடம் அதுதான். மரபு வாசிப்பின் வலுவான வசனமும் அதுவே. அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது என்பதே என் கருத்து.

ஆனால் பவுல் எழுதியபோது அதிகார எண் போடவில்லை. முதல் அதிகாரத்தின் கடைசியில் கோள்சொல்லுகிறவர், அகந்தையுள்ளவர், பெற்றோருக்குக் கீழ்ப்படியாதவர் என்று அடுக்கிக்கொண்டே போய், வாசிக்கிறவன் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று அவன் பக்கம் திரும்புகிறார்: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." முதல் அதிகாரத்தோடு பிரசங்கத்தை முடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால், தூண்டிலை விழுங்கிவிட்டு மீன் பாடம் நடத்துவது போலத்தான் எனக்குத் தோன்றும்.

எல்லாச் சபையும் இதுல ஒரே மாதிரிதான் சொல்லுதா? நம்ம சி.எஸ்.ஐ.?

இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1992 மறைக்கல்வி நூல், செயல் தவறு என்கிறது. அதே மூச்சில் 2358-ஆம் பத்தியில் இப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு எந்த வடிவிலும் கூடாது என்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகளும், நம் ஊரில் பெந்தெகொஸ்தே சபைகளும் மரபு வாசிப்பில் உறுதியாக இருக்கின்றன. அமெரிக்காவில் எபிஸ்கோப்பல், பெரிய லுத்தரன் சபை, பிரெஸ்பிட்டேரியன் என்று பல சபைகள் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டன. பல வருஷச் சண்டைக்குப் பிறகு 2024-ல் ஐக்கிய மெதடிஸ்ட் சபையும் தன் தடைகளை நீக்கியது.

சி.எஸ்.ஐ. எனப்படும் நம் தென்னிந்தியத் திருச்சபை, இங்கிலாந்து திருச்சபையோடு இணைந்த உலக ஆங்கிலிக்கன் கூட்டுறவில் இருக்கிறது. நம் வழிபாட்டு முறையில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான். உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய 1998 லாம்பெத் மாநாட்டில் 1.10 என்ற தீர்மானம் 526-க்கு 70 என்ற வாக்கில் நிறைவேறியது. ஒருபாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இவர்களுடைய அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம் என்று அதே தீர்மானத்தில் ஓர் உறுதிமொழியும் இருக்கிறது. அந்த வரியை நம் பக்கம் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

போப்பே கல்யாணம் பண்ணிவைக்கச் சொல்லிட்டாராமே? வாட்ஸப்ல வந்துச்சு.

இல்லை. மறைந்த போப் பிரான்சிஸின் ஒப்புதலோடு 2023 டிசம்பரில் வந்த அறிக்கை, இப்படிப்பட்ட இணையருக்குக் குருவானவர் சடங்கில்லாமல் சிறிய ஆசீர்வாதம் சொல்லலாம் என்றது. திருமணம் போலத் தெரியக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்க ஆயர்கள் அடுத்த மாதமே "எங்களால் முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். "தீர்ப்பிட நான் யார்?" என்று 2013-ல் விமானத்தில் பத்திரிகையாளர்களிடம் அவர் கேட்டதும் உண்மை. அந்தக் கேள்வியால் போதனை மாறவில்லை, பேசும் தொனி மாறியது. எது பெரிய மாற்றம் என்று கத்தோலிக்க நண்பர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

சுப்ரீம் கோர்ட்டே குற்றமில்லைன்னு சொல்லிடுச்சு. அப்ப பாவமும் இல்லையா?

குற்றமும் பாவமும் வேறு வேறு. பொய் சொல்வது பாவம், ஆனால் அதற்கெல்லாம் ஜெயில் கிடையாது. ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 1860-இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. அதன் வேர் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டத்தில், 1533-ல் இருக்கிறது. அதை நம் பண்பாடு என்று இப்போது நம்மவர்களே தூக்கிப்பிடிப்பதுதான் வேடிக்கை. வயதுவந்தவர்கள் மனமொத்து நடந்துகொள்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமண உரிமை கேட்ட வழக்கில் 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பாவம் என்று நம்பிக்கொண்டே, ஜெயிலில் போடக் கூடாது என்று சொன்ன கிறிஸ்தவர்கள் உண்டு. 1960-களில் இங்கிலாந்து திருச்சபையின் தலைமைக் குருவான காண்டர்பரி பேராயராக இருந்த மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையில் அப்படித்தான் பேசினார். இங்கிலாந்தில் 1967-ல் சட்டம் மாறியது. 2013-ல் நம் உச்ச நீதிமன்றம் 377-ஐ மீண்டும் நிலைநாட்டியபோது, மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் இவர்களைக் குற்றவாளிகளாக நடத்துவதைத் திருச்சபை ஏற்கவில்லை என்றார். அந்தப் பிரிவு நீடிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் வாதாடிய கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு. "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்ற வசனம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் இடத்தில் அவர்கள் எதிர்ப்பக்கம் நின்றது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

"பாவத்தை வெறு, பாவியை நேசி"ன்னு பைபிள்ல எங்க இருக்கு?

எங்கும் இல்லை. பழைய திருச்சபையின் அறிஞர் அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டில் கன்னியர் மடத்துக்கு எழுதிய கடிதத்தில் இதன் மூலம் இருக்கிறது. காந்தியும் இதை எடுத்தாண்டு, புரிந்துகொள்ள எளிது, கடைப்பிடிக்கிறவர் அபூர்வம் என்கிற அர்த்தத்தில் எழுதினார். நடைமுறையில் நான் பார்ப்பது இதுதான்: வெறுப்பு நேரில் வந்துவிடுகிறது, நேசம் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது.

உபவாசம் இருந்து ஜெபிச்சா மாறிடும்னு சொல்றாங்க. கவுன்சிலிங் கூட்டிட்டுப் போகலாமா?

எதற்கான கவுன்சிலிங் என்பதைப் பொறுத்தது. பிள்ளையின் மனச்சோர்வுக்கு என்றால் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். "மாற்றித் தருகிறோம்" என்கிறவரிடம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1976-லிருந்து "ஜெபத்தால் மாறலாம்" என்று நடத்திவந்தது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2013-ல் பாதிக்கப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். தம்மிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாறவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் 2021-ல் பாதுகாப்புக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டறிந்தார். அதற்குப் பிறகு ஜூன் 7-ஆம் தேதி, ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லி 'மாற்று சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் எதையும் தடைசெய்து உத்தரவிட்டார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அதைத் தொழில் நெறி மீறல் என்று அறிவித்தது. தீர்ப்புச் சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவர், முதலில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். மத்தேயு 7:5-ஐ நடத்தும்போது இப்போது இதைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். அவர் கிறிஸ்தவரா என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை என்றேன்.

ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடுமே?

சரியாகாது. இப்போது கஷ்டப்படுகிறவர் ஒருவர், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆள் உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? பலிபீடத்துக்கு முன்னால் தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்யவைப்பதற்கு எந்த வாசிப்பிலும் இடமில்லை.

டீச்சர், என் மகன் என்கிட்ட சொல்லிட்டான். ரெண்டு நாளா நான் சாப்பிடலை. என்ன செய்யணும்?

அம்மா, முதலில் சாப்பிடுங்கள். அவனும் சாப்பிட்டானா என்று பாருங்கள். உங்களிடம் சொல்லியிருக்கிறான் என்றால் உங்களை நம்பியிருக்கிறான். எத்தனை மாதம் அதை நெஞ்சில் வைத்துப் புழுங்கியிருப்பான் என்று யோசியுங்கள்.

இப்போதைக்குச் செய்யக் கூடாதவை சில உண்டு. "யார் உன்னைக் கெடுத்தது?" என்று கேட்காதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். நாத்தனாரிடம் சொல்லாதீர்கள், ஜெபக் குழுவில் "விசேஷ விண்ணப்பம்" என்று போடவே போடாதீர்கள். நம் ஊரில் விஷயம் பரவும் மிக வேகமான வழி ஜெப விண்ணப்பம்தான். அவன் அனுமதி இல்லாமல் போதகரிடமும் போக வேண்டாம். "நீ என் பிள்ளை, அதில் மாற்றமில்லை, எனக்குப் புரிய நாள் ஆகும்" என்ற மூன்று விஷயத்தைச் சொன்னால் போதும். மூன்றும் உண்மை, எதையும் மழுப்பத் தேவையில்லை. உயிரை விடுவது பற்றிய பேச்சு எதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் இரவு பகலாக இருக்கிறது.

அவங்க அப்பா வீட்டை விட்டுப் போகச் சொல்றாரு. வேதத்துக்குக் கீழ்ப்படியறேங்கிறாரு.

1 தீமோத்தேயு 5:8-ஐ அவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் "விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்." இதற்கு இரண்டு வாசிப்பு கிடையாது.

பாடகர் குழுவில இருக்கிற ஒருத்தரைப் பத்தி இப்படிப் பேச்சு வருது. அவர் பாடலாமா? திருவிருந்து எடுக்கலாமா?

பேச்சு வருகிறது என்றீர்கள். யார் பேசுகிறார்கள்? அதை முதலில் விசாரியுங்கள். சபை ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்குத் தீர்ப்புச் செய்வது என் காரியமல்ல, உள்ளே இருக்கிறவர்களைக் கவனியுங்கள் என்று பவுல் 1 கொரிந்தியர் 5-ல் சொல்கிறார். மத்தேயு 18:15 அதற்கு வழியும் சொல்கிறது: "நீயும் அவனும் தனித்திருக்கையில்." ஒருவரோடு ஒருவர், சாந்தமாக, நேரில். கமிட்டிக் கூட்டத்தில் அல்ல, மொட்டைக் கடிதத்தில் அல்ல.

ஒருவருக்கு இப்படி ஈர்ப்பு இருக்கிறது என்பதாலேயே விலக்க மரபு வாசிப்பிலும் நியாயம் இல்லை. அதுவும் செயலைப் பற்றித்தான் பேசுகிறது. ஈர்ப்பையே குற்றமாக்கினால், இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்று மத்தேயு 5:28 சொல்வதை வைத்துத் திருமணமான ஆண்களின் முதல் வரிசையைக் காலி செய்ய வேண்டிவரும். அடுத்து, அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற சபைகளை நாம் ஒழுங்குநடவடிக்கைக்கு உட்படுத்தவில்லை. சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் வந்தால் வெளியே வருகிற பேச்சையும் பணத்தையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே கையால் அவர்கள் காணிக்கைத் தட்டு பிடிக்கிறார்கள்.

நீங்க பழைய போதனைக்காரங்களைக் குற்றம் சொல்றீங்களே, அதுவும் நியாயந்தீர்க்கிறதுதானே டீச்சர்?

நல்ல அடி. ஆமாம், அந்த ஆபத்து எனக்கு உண்டு. முதல் பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கேயும் பொருந்தும். ஒருவர் மரபு வாசிப்பைப் பிடித்திருக்கிறார் என்பதற்காக அவரை அன்பில்லாதவர், வெறுப்பாளர் என்று முத்திரை குத்தினால் நானும் அதே தப்பைத்தான் செய்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பழைய உபதேசியார் இதைப் பாவம் என்று கடைசிவரை சொன்னார். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பிள்ளையைத் தம் வீட்டு மாடியில் எட்டு மாதம் வைத்துச் சோறு போட்டதும் அவர்தான். முற்போக்காகப் பேசிய நாங்கள் யாரும் அறை கொடுக்கவில்லை.

சுத்தி வளைக்காதீங்க. நீங்க எந்தப் பக்கம்?

திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்றுதான் வேதம் வரைந்து காட்டுகிறது என்று இன்னும் நினைக்கிறேன். அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை. ஆனால் ஏழு வசனத்தையும் சொல் சொல்லாகப் பார்த்த பிறகு, முன்பு இருந்த அளவு உறுதி எனக்கில்லை. மறுபக்கம் நிற்கிறவர்கள் வேதத்தைத் தூக்கி எறிந்தவர்கள் என்றும் இனி சொல்ல மாட்டேன்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. மரபு வாசிப்பு இந்தப் பிள்ளைகளிடம் வாழ்நாள் முழுக்கத் தனியாக இரு என்கிறது. கத்தோலிக்கருக்காவது துறவறம் என்று ஒரு வழி, அதற்கொரு மரியாதை உண்டு. நம் சபையில்? இருபத்தேழு வயதில் கல்யாணமாகாத பெண்ணை அசனப் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட விடுகிறோமா? "எப்போ சாப்பாடு போடப்போறே?" என்று கேட்காத வாய் உண்டா? தனியாக வாழ்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் உட்கார ஒரு வீடு இல்லை, காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவர ஆள் இல்லை. தனிமையைக் கட்டளையாகச் சொல்கிற சபை, அந்தத் தனிமைக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டுவைக்கவில்லை. அதைச் செய்கிறவரை இந்தப் போதனையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நீங்க சொன்ன அந்த மூணாவது பெஞ்சுப் பையன் அப்புறம் வந்தாரா?

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவன் வீட்டுக்கு வந்தான். அதிரசம் வைத்துக் கொடுத்தேன். அந்த ஜோக்குக்காக மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது, எனக்குத்தான் பாதி மறந்துபோயிருந்தது. இப்போது வேலை செய்யும் ஊரில் ஒரு பெரிய ஆலயத்துக்குப் போகிறானாம். அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது, அதனால் வசதியாக இருக்கிறது என்றான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடுவானாம்.